நெல் உப்புக்குப் பழகவில்லை, மச்சான்

என் பிரியத்துக்குரிய மச்சான் ஆரோக்கியம்,

கல்லறைத் திருநாளுக்கு உன் அக்காவுடன் கடலூரிலிருந்து வந்திருந்தேன். நல்ல காற்று. உன் கல்லறையில் மெழுகுவத்தி எரிந்து நிற்கவேயில்லை. பாதித் தீப்பெட்டியைக் காலி செய்த பிறகு, "நாப்பது வருசமா பேனா புடிச்ச கைக்கு ஒரு குச்சி புடிக்கத் தெரியல" என்றாள் உன் அக்கா. கடைசியில் உன் மனைவி லூர்து முந்தானையால் மறைத்து ஏற்றிவைத்தாள்.

உன்னிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் பக்கத்தில் நின்றதால் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன், பத்திரிகையிலேயே எழுதுகிறேன். தவறு நடந்த இடம் அதுதானே? வாசிக்கிறவர்களுக்கு விவரம் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது, கிள்ளைப் பக்கம் இருந்த உன் முக்கால் காணி நிலத்திலும் உப்புத் தண்ணீர் ஏறி நின்றது. சம்பாக் கதிர் பால் பிடித்திருந்த நேரம். ஒரு வாரத்தில் வயல் முழுக்கக் கருகிவிட்டது. நான் அப்போது கடலோரம் முழுக்க அலைந்து, இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். உன் வயலைப் பற்றி விசாரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நீயும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நெல் செத்ததை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

பிறகுதான் சொன்னாய். கருகிய வயலில் அங்கங்கே சில நெற்குத்துகள் பச்சையாக நின்றன. நீ பழைய லுங்கியைக் கிழித்து, விதைக்கென்று அவற்றில் அடையாளம் கட்டினாய். நின்றவை எல்லாவற்றிலும் கட்டவில்லை. வரப்போரம் மேட்டில் நின்றவற்றை விட்டுவிட்டாய்.

"மேட்டுல நின்னது பொழச்சது அதிர்ஷ்டம் மாமா. தண்ணி அம்மாம் ஒசரம் ஏறல. பள்ளத்துல உப்புக்குள்ளாறயே நின்னு பொழச்சுது பாருங்க, அத மட்டும்தான் எடுத்தேன்."

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன் நீ. வகுப்பில் பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும். ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது உனக்கு எங்கிருந்து வந்தது? கேட்காமலே விட்டேன்.

அடுத்த சம்பாவில் அதே பள்ளத்தில் இரண்டு பாத்தி போட்டாய். ஒன்றில் ஊரில் எல்லோரும் விதைக்கிற விதை. இன்னொன்றில் அந்தக் குத்துகளின் விதை. ஊர் விதை பாதிக்கு மேல் காய்ந்தது. உன் விதையிலும் சிலது செத்தது, பெரும்பாலும் நின்றது. நின்றதிலிருந்து மறுபடியும் எடுத்தாய். மறு சம்பாவிலும் அப்படியே; கடல் வந்த போகத்தையும் சேர்த்தால் மூன்றாவது போகம். 2007 பொங்கலுக்கு வந்தபோது அந்த வயலைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நான் நிருபர்தானே, சந்தேகப்பட்டேன். "மழை பேஞ்சு உப்ப அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும் மச்சான்" என்றேன்.

"போயிருக்கும். ஆனா ரெண்டு பாத்திக்கும் ஒரே மழதான மாமா?"

கடலூர் திரும்பி ஒரு கட்டுரை எழுதினேன். அதில் ஒரு வரி: "குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் காரத்துக்குப் பழகுவதுபோல், இந்த நெல் உப்புக்குப் பழகிக்கொண்டது." அந்த உவமையைப் பாராட்டி வாசகர் கடிதங்கள் வந்தன. நான் அவற்றைக் கத்தரித்து வைத்திருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீ கட்டுரையைப் படித்துவிட்டு, "போட்டோ நல்லா வந்திருக்குது மாமா" என்று மட்டும் சொன்னாய்.

அந்த ஆவணியில் உப்பனாற்றங்கரை அஞ்சலை உன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். புருஷனை இழந்து, தன் அரைக் காணியைத் தானே பார்த்துக்கொள்கிற பெண். என் கட்டுரையை யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் அதை நம்பினாள். வீட்டிலிருந்த விதைநெல் மொத்தத்தையும் தண்ணீரில் போட்டு, முதல் நாள் ஒரு பிடி உப்பு, மறுநாள் இரண்டு பிடி, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று சேர்த்திருக்கிறாள். குழந்தைக்குக் காரம் பழக்குகிற மாதிரி. விதை முளைக்கவில்லை. நாற்றங்கால் வெறும் சேறாகக் கிடந்தது. மறுபடி விதை வாங்க வழியில்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அந்த வயதில் குமராட்சிக்கு மினி பஸ் ஏறி, கூலிக்கு நடவு நட்டாள்.

நடவுக்குப் போன இடத்தில் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். "என்னா ஊறுகா அஞ்சல, நெல்லு நல்லா ஊறிச்சா?" இந்த வருடம் வரைக்கும் அவள் ஊரிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், மச்சான்.

நீ எனக்குப் போன் செய்தாய். உன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, ஒரு திருத்தம் போட்டுடுங்க. ரெண்டு வரி போதும்."

"நான் என்ன விவசாயப் புஸ்தகமா எழுதினேன்? ஒரு உவமைக்குச் சொன்னதுப்பா."

"அஞ்சலக்கா அப்படிப் படிக்கலியே மாமா."

அடுத்த வாரம் நேரிலேயே வந்தேன். வயலில் இறக்கிவிட்டுக் காட்டினாய். பக்கத்துப் பக்கத்துக் குத்துதான். ஒன்றின் அடித்தண்டில் செம்மை ஓடியிருந்தது, மற்றதில் இல்லை. ஒன்று முழங்கால் உயரம், மற்றது அதைவிட ஒரு சாண் அதிகம். "ஒரே வெதமூட்டதான மச்சான்?" என்றேன்.

"உங்க பொண்டாட்டியும் நானும் ஒரே வயித்துலதான் பொறந்தோம். அவ மூக்கப் பாருங்க, என் மூக்கப் பாருங்க."

"அவகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. உங்களுக்குத்தான் சோறு கெடைக்காது."

பிறகு சேற்றில் நின்றபடியே சொன்னாய். இதுவரை இதை நான் எங்கும் எழுதியதில்லை. "என் நெல்லு ஒண்ணுகூட எதயும் பழகல மாமா. தாங்கறது மொதல்லேருந்தே தாங்கும். உப்பு வராத வரைக்கும் எது தாங்கும், எது தாங்காதுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கே தெரியாது. உப்பு வந்துச்சு, தாங்காதது செத்துச்சு, தாங்குனதோட புள்ளைங்க இப்ப நிக்குது. புள்ளைங்கள்லயும் எல்லாம் ஒண்ணு போல இல்ல. மறுபடி கொஞ்சம் சாவுது. பொறுக்குறது நான் இல்ல, உப்பு. நான் பின்னால கூடய தூக்கிக்கிட்டுப் போறவன்."

"அப்ப நான் பாத்தது?"

"நீங்க பொழச்சத மட்டும் பேட்டி எடுத்தீங்க. செத்தத யாரு கேட்டது?"

அந்தச் சுனாமி மாதங்களில் எத்தனை பேரிடம் "எப்படிப் பிழைத்தீர்கள்" என்று கேட்டிருக்கிறேன். நீந்தத் தெரிந்ததால், மரம் ஏறியதால் என்று எழுதியிருக்கிறேன். நீந்தத் தெரிந்தும் போனவர்களை யார் கேட்டது? நான் அதை வாய்விட்டுச் சொன்னதும் நீ உடனே தடுத்தாய். "மனுசங்கள இதுல சேக்காதீங்க மாமா. அன்னிக்கி அலையில யாரு எங்க நின்னாங்களோ, அவ்ளோதான். அது வேற, இது வேற." உன் கண் கலங்கியதைப் பார்த்தும் பார்க்காதவன்போல வரப்பில் ஏறிவிட்டேன்.

எனக்கு இன்னொரு தவறான எண்ணமும் இருந்தது. உன் நெல் மற்ற நெல்லைவிட உயர்ந்தது என்று நினைத்தேன். உன் பங்காளி ஒருவர் அதைக் குமராட்சிக்குக் கொண்டுபோய், ஆற்றுத் தண்ணீர் பாயும் வயலில் விதைத்தார். பக்கத்து வயல் அளவுக்குக்கூட விளையவில்லை. மட்டமான விதை என்று உன்னிடமே வந்து சொன்னார். நீ வருத்தப்படவில்லை. "மட்டமும் இல்ல, ஒசத்தியும் இல்ல. அதோட ஊரு இதுதான். அங்க உப்பே இல்லியே, அது தாங்கி என்னா பண்ணும்?" என்றாய். வலிமையானது வாழும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில்தான் ஞாபகம் வருகிறது. எந்த இடத்தில் வாழும் என்று அவர்கள் சொல்வதே இல்லை.

நீ வயலைக் காட்டிய அன்று மாலை பிச்சாவரம் பக்கம் சைக்கிளில் போனோம். சுரபுன்னை மரங்கள் உப்புத் தண்ணீரில் வேரூன்றி நின்றன. இவற்றின் முப்பாட்டன்களும் ஒரு காலத்தில் நல்ல தண்ணீர் மரங்களாகத்தான் இருந்திருக்கும் என்றாய். "உன் நெல் இப்படி ஆக எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன். "நம்ம மாதாகோயில் ஃபாதர், அவருக்கு முந்தின ஃபாதர், அதுக்கும் முந்தினவருன்னு எண்ணிக்கிட்டே போங்க. எண்ணி முடியாது. அம்மாம் நாளு" என்றாய். கடவுள்தானே படைத்தார் என்று சீண்டினேன். "அத அவர்கிட்ட ஞாயித்துக்கெழம நான் பேசிக்கிறேன். நீங்க திருத்தத்தப் போடுங்க."

இனிதான் கல்லறையில் சொல்ல முடியாமல் போன விஷயம்.

இரண்டு வாரம் கழித்து நீ கேட்டபோது, "எடிட்டர் ஒத்துக்கலப்பா. கட்டுரைக்கெல்லாம் திருத்தம் போடுற வழக்கம் இல்லையாம்" என்று சொன்னேன். மச்சான், நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பார், அந்த வகையில் நேர்மையான மனிதர். பாராட்டு வாங்கிய ஒரு வரியைத் தப்பு என்று நானே அச்சில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் தவறை எழுதியே பிழைத்தவன் நான்.

அதற்குப் பிறகும் நீ மாறவில்லை. போன் செய்தாய், மீன் கொடுத்தனுப்பினாய், அக்காவைச் சீண்டினாய். கடைசியாகப் பேசியபோதுகூட, "என்னா மாமா, உங்க எடிட்டர் மனசு எளகிச்சா?" என்று சிரித்தாய். உனக்குத் தெரிந்திருந்ததா? அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 2009 மழைக்காலத்தில், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலித்து விழுந்தாய். இனி யாரிடம் கேட்பது?

உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. அஞ்சலைக்கு நீ மறுவருடமே ஒரு மரக்கால் விதை கொடுத்தாயே, அதை அவள் விடாமல் போட்டுவருகிறாள். அவள் நிலத்தில் உப்போடு தண்ணீரும் தேங்கும். முதல் வருடம் பாதிக்கு மேல் அழுகிப்போனது. அழுகாமல் நின்றதிலிருந்து எடுத்தாள். மறுவருடமும் அப்படியே. இப்போது அவள் நெல் உயரமாக வளர்கிறது. லூர்து உன் வயலில் போடுவதைவிட ஒரு வாரம் பிந்தி முற்றுகிறது. ஒரே விதையில் தொடங்கி இரண்டு வயலில் இரண்டு விதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் எவ்வளவு விலகும் என்று உன்னைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

கல்லறைத் திருநாள் முடிந்து, உன் அக்காவை லூர்துவிடம் விட்டுவிட்டு, நான் மட்டும் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். எடிட்டர் விஷயத்தையும் சொன்னேன். பிறகு எழுதி எடுத்துப்போன திருத்தத்தை வாசித்தேன். அது இதுதான்:

"2007இல் இந்த நிருபர் எழுதிய கட்டுரையில், நெல் உப்புக்குப் பழகிக்கொண்டது என்று வந்தது தவறு. எந்த நெல்லும் பழகவில்லை. உப்பைத் தாங்காதவை இறந்தன. தாங்கியவற்றின் சந்ததி நிற்கிறது. விதையை உப்பில் ஊறவைத்துப் பழக்க முடியாது. அஞ்சலை செய்தது இந்த நிருபர் எழுதியதை நம்பித்தான். பிழை எழுதியவருடையது, அஞ்சலையுடையது அல்ல."

நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"தம்பி கேட்டப்பவே இத எழுதியிருந்தா, அது உசுரோட இருக்கையிலயே பாத்திருக்கும்" என்றாள். பிறகு, "என் பேர மாத்திடாதீங்க. அஞ்சலன்னே போடுங்க."

"போடுறேன்மா."

"போட்டுட்டு வூட்ல உக்காந்துக்காதீங்க. எங்கூர்ல எத்தினி பேரு பேப்பர் படிக்கிறான்? டீக்கடைக்கு ஒரு பேப்பர் வரும். என்னிய ஊறுகாங்கறவன் அம்புட்டுப் பேரும் காலையில அங்கதான் குந்தியிருப்பான். நீங்களே வந்து சத்தமா படிங்க. நானும் வந்து நிக்கிறேன்."

எனக்குப் பொதுவில் வாசித்துப் பழக்கமில்லை. நேற்று உன் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

இந்தக் கடிதம் அச்சாகிற அன்று கடலூரிலிருந்து அஞ்சலையின் ஊருக்கு முதல் பஸ்ஸில் ஏறுகிறோம், மச்சான். உன் பெயரையும் அஞ்சலையின் பெயரையும் என் பொய்யையும் சேர்த்து, கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிப்பேன். இடையில் யாராவது சிரித்தால் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் வாசிப்பேன்.

உன் அக்காவைக் கட்டிய,
உன் மாமா