மருமகள் வாசித்த கடிதம்

1974, ஆனி 11, செவ்வாய்

பெரிய பேரன் பம்பாய் மில்லில் மேஸ்திரி ஆகிவிட்டான். பேத்தி டீச்சர் டிரெயினிங் முடித்தாள். சின்னவன் பத்தாவது பாஸ்.

வேலந்தாவளம் சந்தையில்தான் வெட்டும் குத்தும், பம்பாயில் ஒரு பயமும் இல்லை என்று பெரியவன் எழுதியதாக மருமகள் வாசித்தாள். ஊரெல்லாம் சொன்னேன். அதை நம்பி அடுத்த வீட்டு மாராத்தாள் தன் ஒரே மகனைப் போன வாரம் அவனிடம் அனுப்பிவிட்டாள்.

இன்று புதுக் கண்ணாடி போட்டு அந்தக் கடிதத்தை நானே படித்தேன். பம்பாய் ரயிலில் பேரன் கன்னத்தைக் கத்தியால் கிழித்திருக்கிறார்கள். அப்பத்தாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறான்.

"மாராத்தா பையன் கெளம்பறப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல புள்ள?" என்றேன்.

"நீங்க பெருமை பேசறப்ப குறுக்க யாரு வாயத் தொறக்கறதுங்க அத்தை?" என்றாள்.

மாராத்தாளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் கார்டில் இது மட்டும் எழுத வேண்டும்: கண்ணு, நீயும் மாராத்தா பையனும் சேர்ந்து நின்று, இரண்டு முகமும் நன்றாகத் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ எடுத்து உடனே தபாலில் அனுப்பு.