மண்ணெண்ணெய் டின்னில் ஜெரேனியம்

அக்கா,

இன்று மாலை என் மேலாளர் வீட்டில் டீ கொடுத்தார்கள். கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் ரோஜா வாசனை. பார்த்தால் ஓர் இலை மிதக்கிறது. "ஜெரேனியம். கொடைக்கானல்ல இருந்து தொட்டியோட கொண்டாந்தோம். நம்மூர் வெயிலுக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது?" என்றாள் அவர் மனைவி. "வரும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மலையில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை செய்த மாமா உனக்கு அந்தச் செடியில் மூன்று குச்சிகள் ஒடித்துக் கொண்டுவந்தார். மழையில் வளர்கிற செடி தாகம் தாங்காது என்று நீ காலையும் மாலையும் ஊற்றினாய். இரண்டு அழுகின. ஆத்திரத்தில் மூன்றாவதை நிழலில் வீசிவிட்டாய். இரண்டு நாள் கழித்து, வெட்டிய வாய் காய்ந்து கிடந்த அதையே எடுத்து மண்ணெண்ணெய் டின்னில் ஊன்றினாய். அதுதான் பிழைத்தது. சித்திரை வெயிலில் அதற்கு ஈரச் சாக்கில் பந்தல் போட்டாய்.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"தோல் ஷாப்புக்காரி வீட்ல ரோசா வாசமாம்ல!"

"மூக்கைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ மதினி. வாசம் ஏத்தித் தாரேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் அது விளையாட்டுச் செடி இல்லை. தோல் பதனிடும் அந்த ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலில் மயிர் சுரண்டி உன் நகங்கள் கரைந்திருந்தன. இருமல் நெஞ்சைப் பிடித்திருந்தது. "அந்த வேலையை விட்டாத்தாம்மா பிழைப்ப" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை காலியாக இருந்தது. எந்தச் சோப்புக்கும் போகாத தோல் வாடையைப் போக்கத்தான் ஒரு மாதமாக அந்த இலையைக் கசக்கிக் குளித்தாய். சேலைக்கு நடுவிலும் இலை வைத்தாய். ஷாப்புக்கு மூன்று நாள் மட்டம் போட்டாய். வேலை கேட்டுப் போகிற அன்று நான்தான் அம்மியில் அரைத்துக் கொடுத்தேன்.

"ஏலே அப்பு, மோந்து சொல்லு. வாடை இருக்கா?"

இல்லை. துளிகூட இல்லை.

துணைக்கு நானும் வந்தேன். பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரிய அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "என்ன சோப்பும்மா போடுற? இம்புட்டு வாசமா இருக்கே!" உன் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம்தான், இப்போது எங்கே வேலை என்று கேட்டாள். நீ பொய் சொல்லவில்லை. அவள் உன் கையை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "பிள்ளைகளுக்கு வாந்தி வரும்மா" என்றாள். அரை நிமிடத்துக்கு முன் ரோஜாவாக மணந்த அதே கை! பொய் சொன்னது அவள் மூக்கு. அன்று அந்த மேசையைப் புரட்டிப் போடாமல் வந்தேனே என்று இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

நீ மறுநாளே சுண்ணாம்புத் தொட்டிக்குத் திரும்பினாய். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. உன்னைக் கொன்றவர்கள் என்று ஊரையும் முதலாளியையும் அந்தப் பெரிய அம்மாவையும் நான் மேடை போட்டுத் திட்டுகிறேன். கை தட்டுகிறார்கள். அவர்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் நீயும் நானும் ஒரே சீட்டில் இருந்தோம். வழியில் என் கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேர் ஏறினார்கள். நான் எழுந்து அவர்களோடு போய் நின்றுகொண்டேன்.

"யாரு மாப்ளே அது?"

"தெரிஞ்சவங்க."

உனக்குக் கேட்டது. நீ திரும்பவில்லை. இறங்கும்போது, ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டாய், அந்நியனுக்கு விடுவது போல.

உன்மேல் எந்த வாடையும் இல்லை என்று அந்த பஸ்ஸில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அக்கா.