உப்பன் கூடு இருந்த இடம்

மாதுங்கா
21-7-48

சிரஞ்சீவி நாணுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். டில்லியில் நீ சௌக்கியமாக இருப்பாய். இங்கே அப்பாவும் ருக்குவும் சௌக்கியம், நானும் அப்படியே என்று எழுதக் கை வராமல்தான் இத்தனை நாள் கடிதம் போடவில்லை. ருக்குவுக்கு இருமல் தேவலை. அப்பா நனைந்த குடையைக் கூடத்திலேயே விரித்து வைக்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

பார்க்கில் பாழுங்கிணற்றை ஒட்டிய புதரில் உப்பன் கூடு கட்டியிருக்கிறது என்று எழுதினேனே, இங்கே சிலர் செம்போத்து என்பார்கள், அதைப் பற்றித்தான். பார்க் வருமுன் அதெல்லாம் வயல், தன் மாமியார் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாள் என்று கீரைக்காரி சொன்னதையும் எழுதினேன். சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் இந்த ஊரில் எனக்கென்று ஒன்று இருக்கிற மாதிரி இருக்கும். உப்பன் கண்ணில் பட்டால் போகிற காரியம் ஜயம் என்று நம்மவர்கள் எல்லோருக்கும் நம்பிக்கை, வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை, உனக்கு மட்டும் எழுதினேன்.

உன் சிநேகிதன் பஞ்சு ரயில்வே ஆபீஸ் இண்டர்வியூவுக்கு உப்பனைப் பார்த்துவிட்டுப் போனானாம், வேலை கிடைத்துவிட்டது. அப்புறம் கேட்கவேண்டுமா. அவன் அம்மா நாகலக்ஷ்மி கட்டிடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பரீட்சைக்குப் போகிறவர்கள், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், எல்லோரும் காலையில் கிணற்றடியில்தான். பறவை வெளியே வராவிட்டால் சும்மா இருப்பார்களா, குடையால் புதரைக் குத்தியிருக்கிறார்கள். நான் போனபோது கூடு சரிந்து, முட்டை உடைந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. சகுனம் பார்க்க வந்தவர்கள் செய்த லட்சணம்!

இடம் எப்படித் தெரிந்தது என்று பஞ்சுவைக் கேட்டேன். நாணுதான் எழுதினான் மாமி, கிணத்துக்குக் கிழக்கே வளைஞ்ச வேலிக்குப் பின்னாலேன்னு அடையாளம்கூடச் சொல்லியிருந்தான் என்றான். நான் உனக்கு எழுதிய அதே வார்த்தைகள். சிநேகிதனுக்கு நல்லது செய்வதாக நினைத்திருப்பாய். யாரிடமும் சொல்லாதே என்று முதலிலும் எழுதி முடிவிலும் எழுதினேனே நாணு, படித்தாயா இல்லையா? நாகலக்ஷ்மியை வாய்விட்டுத் திட்டி ஆற்றிக்கொள்ளலாம், உன்னை என்ன செய்வேன்?

போகட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஹோட்டல் சாப்பாட்டைக் குறை, ருக்குவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. பகவான் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். நேற்று மழை விட்டதும் உப்பன் கூப்பிட்டது, அதே பார்க்கில், வேறு ஒரு பக்கம். எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உனக்கு எழுதமாட்டேன்.

இப்படிக்கு உன் அம்மா,
அபயாம்பாள்