பாவட்டையை வெட்டி மரம் நட்டார்கள்

என் தவம் மச்சாளுக்கு,

நீ அம்மம்மா ஆகிவிட்டாய். உன் மகள் சுபாவுக்குப் பெடியன் பிறந்திருக்கிறான். மூக்கு உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையதுதான் போல. இந்தச் சந்தோசத்தை எழுதத்தான் இருந்தேன், ஆனால் வயிறு எரிகிறது. முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

சுபாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்ததும், அவளுக்கு முழுக வார்க்க இலை ஆய்வோமென்று கடகத்தோடு வாய்க்கால்கரைப் புதர்ப் பத்தைக்குப் போனேன். நம் மருந்து மரம் பாவட்டை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சாம்பல் மேடு. முழங்கால் உயரத்தில் அடிக்கட்டை மட்டும் நின்றது. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்கு வாளி இல்லை, அந்தப் பாவட்டை மட்டும் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நின்றதே, அதைத்தான் வெட்டி எரித்திருந்தார்கள். இந்த ஊரில் பிள்ளை பெற்ற எத்தனை பேருக்கு நீ அதன் இலையை அவித்து இடுப்பில் ஊற்றினாய்? என் முழங்கால் வீங்கியபோது இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தணம் பிடித்ததும் நீதானே.

யார் வெட்டியது என்றா கேட்கிறாய்? நம் விளையாட்டுக் கழகப் பெடியள்தான். சிரமதானமாம். பத்தையைத் துப்புரவாக்கி, பதாகை கட்டி, மரநடுகை விழா வைத்தார்கள். வந்த பெரிய மனிதர்களுக்கு மாலை போட்டார்கள், ஒரு கன்றை நாலு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நட்டதெல்லாம் காசுக்கு வாங்கிய அழகுச் செடி. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில்.

கழகத் தலைவர் முன்வீட்டு ரஞ்சன். அவன் மனைவிக்கும் நீதான் முழுக வார்த்தாய். நேரே போய்க் கேட்டேன்.

“மாமி, அது வெறும் பத்தை. பாம்பு கிடக்கிற இடம்,” என்றான்.

“மரத்தை வெட்டிப்போட்டே மரம் நடுறியள்? உன்ரை மனுசி எந்த இலைத் தண்ணியிலை முழுகினவள் எண்டு போய்க் கேள்.”

“இப்ப ஆர் மாமி இலை அவிக்கினம்? பாமசியிலை எல்லாம் இருக்கு. நாளைக்கு மண் கிண்டுற பெக்கோ வருது. கட்டையையும் கிளப்பிப்போட்டு அதிலை பெயர்ப்பலகை வைக்கப்போறம்.”

கட்டை இருந்தால் பாவட்டை துளிர்க்கும். வேரோடு போனால் என்ன மிஞ்சும்? கிட்டடியில் வேறு பாவட்டை கிடையாது. வீட்டுக்கு வந்து வேப்பிலையையும் நொச்சியையும் அவித்து உன் மகளுக்கு வார்த்தேன். “அம்மா உயிரோடை இருந்து வார்த்திருந்தா இப்பிடி இடுப்பு உளையாது, என்ன மாமி?” என்றாள்.

பொழுதுபடுமுன் வாய்க்காலுக்குள் இறங்கி ஒரு கல்லைத் தூக்கினேன். கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அந்தக் கட்டையோடு சாய்த்தேன். சிவப்புத் துண்டு கட்டினேன், கற்பூரமும் கொளுத்தினேன். ஓம், நம் காவல்தெய்வம் வைரவர்தான். சிரிக்காதே.

காலையில் பெக்கோ வந்தது. ஓட்டி வந்தவர் கல்லைக் கண்டதும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “வைரவர் இருக்கிற இடத்திலை நான் கை வைக்கமாட்டன், தம்பி. எனக்கும் பிள்ளையள் இருக்கு,” என்று ரஞ்சனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரஞ்சனும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “முந்தியே சொல்லியிருக்கலாமே மாமி,” என்கிறான் என்னிடம்.

எதை முந்திச் சொல்ல? மருந்து மரம் என்று தொண்டை வற்றக் கத்தினேனே, அது காதில் ஏறவில்லையா? கும்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் பிள்ளை பெற்றவளின் நோவுக்கு இரங்காதவன் நேற்று வைத்த கல்லுக்கு நடுங்குகிறானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கட்டை இப்போது துளிர் விட்டிருக்கிறது. வழியால் போகிறவர்கள் பூ வைக்கிறார்கள், ரஞ்சனின் மனைவி விளக்கேற்றுகிறாள். நான் தண்ணீர் ஊற்றுகிறேன். சுபாவின் அடுத்த பிள்ளைப்பேற்றுக்கு இந்த இலையில்தான் முழுக வார்ப்பேன், இது உனக்குத் தருகிற வாக்கு. அன்றைக்கு ஊர் பார்க்க அந்தக் கல்லைத் தூக்கி வாய்க்காலுக்குள் போட்டுவிட்டு, நீங்கள் இவ்வளவு நாளும் கும்பிட்டது தவத்தின் மருந்தை என்று முகத்துக்கு நேரே சொல்லுவேன். வைரவர் கோபித்தால், நீ அங்கே அவருக்குக் கிட்டத்தானே இருக்கிறாய், கதைத்துச் சமாளி.

உன் மூத்த மச்சாள்,
பரமேஸ்வரி
உருத்திரபுரம்