நீலக் குழியில முறிச்ச கல்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கட காது இரைச்சல் குறைஞ்சதா? உம்மாட சீனி வருத்தம் எப்படி? நான் சுகமா இருக்கிறேன், யோசிக்க வேண்டாம்.

போன கிழமை எங்கட ஆராய்ச்சிக் கப்பல் செங்கடலில ஒரு நீலக் குழிக்கிட்ட நிண்டது. சுத்திவர ஆழமில்லாத பவள முருகைக்கல், நடுவில மட்டும் கிணறு மாதிரிக் கருநீலம். ஆராய்ச்சிக்காரரோட நானும் சுழியோடினேன். உள்ள கல்லு விரல் விரலாத் தொங்கிச்சு. சங்குக்கு இறங்கினவன் வெறுங்கையோட ஏறக்கூடாது எண்டுதானே மாம்புரியில நம்மட பழக்கம். ஒண்டை முறிச்சுக்கொண்டு வந்து, பெருமையா மேசையில வெச்சேன்.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பா இருக்கிற நாதியா மேடம் மெதுவாச் சொன்னாங்க. கடல் வத்திக் கிடந்த காலத்தில அந்த இடம் தரையாம். மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லைக் கரைச்சுக் குகையாக்கிச்சாம். அதுக்குள்ள சொட்டுச் சொட்டா ஊறித்தான் அந்த விரல் வளர்ந்ததாம். பிறகு கூரை இடிஞ்சு, கடலும் ஏறி நிரம்பிட்டாம். தண்ணிக்குள்ள சொட்டு விழாதே, இனி அது வளராதாம்.

ஏசியிருந்தா மனசு ஆறியிருக்கும். அவங்க அந்தக் கல்லைத் துணியில பக்குவமாச் சுத்தினதைப் பார்க்கத்தான் வெக்கமாப் போச்சு.

நம்மட தோணித்துறையில யாருக்கும் இதைச் சொல்லிராதீங்க. இந்தப் பக்கம் ஆள் வந்தா கொஞ்சம் கட்டாக் கருவாடு குடுத்தனுப்புங்க. தனியா இருந்து திண்டா, அதில்லாமச் சோறு இறங்குதில்ல.

இனி என்னை இறக்க மாட்டாங்க எண்டு நினைச்சேன். நேத்தும் இறக்கினாங்க. கை தன்பாட்டில கல்லுக்குப் போச்சு, வாப்பா. மற்றக் கையால அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறினேன்.

கூப்பிடுறாங்க. துஆச் செய்ங்க.

மகன் றுஸ்னி