வெல்டிங் ஷெட்டில் ஷைலா

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஷைலாவுக்கு,

சுலோசனா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவாய். அதனால்தான் காகிதம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? இங்கே பாடி மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் இப்போதும் உயிர் போகிறது.

நேற்று நம் கல்லூரியின் நாற்பதாம் ஆண்டு விழா. மெக்கானிக்கலில் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று என்னை மேடைக்கு அழைத்திருந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று திகைத்துவிட்டேன். மழை பெய்தால் பாடமே காதில் விழாத அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறைகள் இருந்த இடத்தில் எட்டு மாடி. ஏரித் தண்ணீர் ஏறி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் நடந்த பாதையில் வரிசையாகக் கார்கள். கல்லூரியே பல்கலைக்கழகமாகிவிட்டது.

ஆனால் அதெல்லாம் கட்டடம். யாரும் கட்டலாம். நான் நின்றுபோனது பட்டறை வாசலில். உள்ளே பாதிக்கு மேல் பெண்கள், ஷைலா! முகக்கவசம் போட்டிருப்பதால் பின்னலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். தீப்பொறி பறக்கிறது, ஒருத்தியும் பின்வாங்கவில்லை.

எழுதி வைத்திருந்த உரையை விட்டுவிட்டு மேடையில் உன்னைப் பற்றிச் சொன்னேன். பட்டறை மேஸ்திரி கன்னியப்பன், "பொம்பளப் புள்ளைங்க ஓரமா நின்னு பாத்துகினா போதும்மா, கைய சுட்டுகினா யாரு பதில் சொல்றது?" என்று தடுத்ததையும், "பாக்கறதுக்கா அண்ணே சேந்தோம்?" என்று நீ அவர் கையிலிருந்த வெல்டிங் ஹோல்டரைப் பிடுங்கிக்கொண்டதையும் சொன்னேன். உன் கோணல் வெல்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, மறுவாரமே நமக்கென்று இரண்டு முகக்கவசம் எடுத்து வைத்தாரே, அதையும் சொன்னேன்.

அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்கில்லை, உனக்கு. ஜோதிகா என்ற மூன்றாம் ஆண்டுப் பெண் ஓடிவந்து, "அந்த மேடம் இப்போ எந்தக் கம்பெனில கீறாங்க?" என்று கேட்டாள். கடைசிப் பருவத்தில் பரீட்சைக்கு நடுவிலேயே வீட்டில் கல்யாணம் செய்துவைத்து விமானம் ஏற்றிவிட்டார்கள், இரண்டு தாள் எழுதவே இல்லை என்றேன்.

துறைத் தலைவர் கிருஷ்ணப்பிரியா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய மாணவர்கள் விட்டுப்போன தாள்களை எழுத இந்த ஒரு முறை அனுமதி உண்டாம், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும். "வரச் சொல்லுங்க மேடம், நானே பாடம் எடுக்கறேன்" என்றார்.

அந்த இரண்டு தாளைப் பற்றி நீ பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை. உன் மகன் ஜாக்சன் பட்டம் வாங்கிய அன்று, அவன் அங்கியை நீ மாட்டிக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பி, உடனே அழித்துவிட்டாய். நான் பார்த்துவிட்டேன், ஷைலா.

தேர்வு டிசம்பரில். என் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. வயதைக் காரணம் சொல்லாதே. உன் கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தேர்வறை வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை யார் வந்து கூப்பிட்டாலும் பரீட்சைக்கு நடுவில் உன்னை எழுப்பிக்கொண்டு போக விடமாட்டேன்.

உன்
சுலோசனா