பச்சை அடித்த பள்ளம்

ஜூன் 3

ஊராட்சித் தலைவர் இன்று வரைபட அறைக்கு எழுந்தருளினார். கூடவே கணக்காளர். நான் வைத்த பெயர் தலையாட்டி. மழைக்காலம் முழுக்க ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து, இந்த ஊராட்சியில் வெள்ளம் எங்கெங்கே நிற்கும் என்று நான் போட்ட படம் சுவரில் இருந்தது. தாழ்வான இடமெல்லாம் நீலம்.

"என்னம்மா இது, ஊரே மூழ்கின மாதிரி இருக்கு? மேலதிகாரி வர்றாரு. பச்சையா போடு, பார்க்கக் குளிர்ச்சியா இருக்கும்."

"ஆமாங்க, பச்சைன்னா செழிப்பு" என்றது தலையாட்டி.

தண்ணீருக்கு நீலம் என்பது நான்காம் வகுப்புப் பாடம். தலைவர் அன்றைக்கு எங்கே போயிருந்தாரோ!

ஜூன் 4

பச்சை அடித்துவிட்டேன். ஒரு சொடுக்கு வேலை. ஓரத்தில் நிறக்குறிப்பு இருக்கிறது: பச்சை — வெள்ளம் தேங்கும் பகுதி. படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொள்ளட்டும். எனக்கென்ன வந்தது?

ஜூன் 11

மேலதிகாரி வந்தார், பச்சையைப் பாராட்டினார், டீ குடித்தார், போனார். நிறக்குறிப்புப் பக்கம் ஒரு கண்ணும் போகவில்லை.

ஜூலை 19

தம்பி போன் செய்தான். ஒரே பூரிப்பு. "அக்கா, வீடு கட்ட இடம் பார்த்தாச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. உங்க ஆபீஸ் சுவத்துல உன் மேப்பைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணினோம். நல்ல பச்சை!"

"டேய், அது பள்ளம்டா. இடுப்பளவு தண்ணி நிக்கும்."

"நீதானே போட்டே?"

"அதுல பச்சைன்னா வெள்ளம்டா!"

சிரித்தான். "பச்சைன்னா வெள்ளமா? என் கல்யாணத்துல குத்தம் சொன்னே. வண்டி வாங்கினா குத்தம். அவ சமையல்ல குத்தம். உனக்கு எதுதான்க்கா பிடிச்சிருக்கு? இதையாவது விடேன்."

வைத்துவிட்டான். மடையன்.

ஆனால் — அவன் மட்டுமா? எல்லாரையும் எப்போதும் இளக்காரம் பேசுகிறவள் எச்சரித்தால், அதுவும் இளக்காரமாகத்தானே கேட்கும்? ஐயோ, கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அந்தப் பள்ளத்துலயா போய்க் கட்டுவான்? நான்தானே பச்சை அடிச்சேன். என் கையாலதானே.

ஜூலை 21

அலுவலகத்துக்கு முதல் ஆளாகப் போனேன். பச்சையைக் கிழித்தேன். நீலத்தை ஒட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதினேன்: இங்கே வெள்ளம் நிற்கும். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அதன் முன்னால் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துத்தானா தலைவரும் வர வேண்டும்?

"யாரைக் கேட்டு மாத்தினே? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். ஆனா இனிமே பச்சை அடிக்க மாட்டேன்."

தம்பி படத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 22

குடிநீர் இணைப்புக் கவுண்டருக்கு மாற்றம். வரைபட அறைச் சாவி இனித் தலையாட்டியிடம். வடக்கு எது என்று கேட்டால் கூரையைக் காட்டுகிற ஆள்.

ஆகஸ்ட் 2

அந்த இடம் வேண்டாம் என்று தம்பி அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லத் துரைக்கு வாய் வரவில்லை.

அக்டோபர் 27

விடாத அடைமழை. கவுண்டரில் ஈ காக்கை இல்லை.

மத்தியானம் தம்பி ஒரு படம் அனுப்பினான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறான். எல்லைக்கல் தெரியவில்லை, வேலி தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் தண்ணீர். கரைமேல் அவன், ஒரு குடை, தோளில் குழந்தை. கீழே ஒரே வார்த்தை: 'நீலம்.'

மண்டு. வெள்ளம் எங்கேயாவது நீலமாக இருக்குமா? கலங்கிப் பழுப்பாக அல்லவா கிடக்கிறது?

அப்படியே பதில் எழுதினேன். அழித்தேன். 'குழந்தைக்குத் தலையைத் துவட்டு' என்று மட்டும் அனுப்பினேன்.